காய் எந்தப் பக்கம் நிற்கும்?

கேள்வி: முள்ளுக்குறிச்சியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பெயர், வினை, இடை, உரி என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். வாக்கியத்தில் காட்டச் சொன்னால் முழிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இலக்கணப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். மிளகு, பலா, சாமை, பறி, நடு, காய் என்று உங்கள் பக்கத்துக் கொல்லிமலையின் விளைச்சலையும் வேலையையும் அட்டைகளில் எழுதி ஆளுக்கொன்று கொடுங்கள். பழைய காலண்டர் அட்டையே போதும். இரண்டு பேரிடம் 'ஐ', 'கு'. இவர்களோடு கைகோத்துப் பொருள் தந்தால் பெயர்: பலாவை, பலாவுக்கு. நேற்று, இன்று, நாளை என்று தரையில் மூன்று கட்டம் போடுங்கள். மூன்றிலும் குதிக்க முடிந்தால் வினை: பறித்தாள், பறிக்கிறாள், பறிப்பாள்.

'காய்' வைத்திருக்கும் பிள்ளைதான் திண்டாடும். காயை நறுக்கலாம், மிளகோ காய்ந்தது, காய்கிறது, காயும். பெயர் அணியும் வினை அணியும் சண்டை போடட்டும், குறுக்கே போகாதீர்கள். 'கு' தனியே நின்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. இடைச்சொல் அங்கே புரிந்துவிடும். உரிச்சொல்லுக்கு அவசரமில்லை. தொல்காப்பியரே பெயரையும் வினையையும் முன்னே நிறுத்தி, மற்ற இரண்டும் அவற்றைச் சார்ந்து வருபவை என்றார். அட்டை முறை புதிதல்ல; 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் அட்டைகளைத்தான் நம்பியது. குதிக்கும் கட்டம் மட்டும் என் சேர்க்கை.