ஒரு பூச்சி, இரு பெயர்

பாலாற்றங்கரையில், வேலூர், ஆம்பூர்ப் பகுதித் தோப்புகளில், தென்னையோலைகள் சில வேளை தீயிற் கருகியன போலத் தோன்றும். தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரே காரணம் என்று உடனே முடிவு செய்தல் கூடாது. ஓலையின் அடிப்புறத்தை நோக்குக. நூலும் எச்சமும் பின்னிய கூட்டினுள் கருந்தலைப் புழு பசுமையைச் சுரண்டித் தின்பதைக் காணலாம். அது வளர்ந்து சாம்பல்நிற அந்துப்பூச்சியாகும்.

இப்பூச்சிக்கு 1864-இல் வாக்கர் என்னும் அறிஞர் ‘ஒபிசினா அரினோசெல்லா’ என்று பெயரிட்டார். 1905-இல் பள்ளியாசிரியராகிய மெய்ரிக் ‘நெபாண்டிஸ் செரினோபா’ என்று வேறு பெயர் இட்டார். இரண்டும் ஒரே பூச்சி என்பது 1981-இல் தெளிந்தது. முறைப்படி முந்திய பெயரே நிலைத்தது. எனினும், அப்புழுவை அழிக்க விடப்படும் சிறு குளவியின் பெயர் ‘கோனியோசஸ் நெபாண்டிடிஸ்’. நீங்கிய பெயர் பகைவனின் பெயரில் வாழ்கிறது. இரு பெயரும் அறிந்தவரே இரு காலத்து நூலறிவையும் கொண்டு தோப்பைக் காப்பர்.