பழைய பேப்பரும் ஒரு பிடி வெந்தயமும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் செயற்கை நுண்ணறிவு, மின்சாரக் கார் என்று தலைப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது முறம் பூசுவது. அதையே எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்! சிவில் இரண்டாமாண்டில் நான் படித்தது பாதி இதற்குள் இருக்கிறது.

எங்கள் ஊர் வல்லம், செஞ்சிப் பக்கம். மூங்கில் முறம் புதிதாக வாங்கினால் அப்படியே புடைக்க முடியாது. பின்னல் இடுக்கு வழியாகக் கேழ்வரகும் நொய்யும் ஒழுகிவிடும். அதனால் பழைய காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்துப் பூசிக் காயவைப்பார்கள். எங்கள் தெருவில் இந்த வேலைக்குக் கைராசி என்றால் எங்க ஆயாதான். மிச்சமான கூழை ஒரு சொம்பின் அடியில் அப்பிக் கிண்ணம் செய்வார். வெற்றிலை பாக்கு வைத்துக்கொள்ள அவருக்கு அதுதான்.

இப்போது ஆயாவுக்கு விரல் சரியாக மடங்குவதில்லை. பிளாஸ்டிக் முறம் வந்தபிறகு கேட்டு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். எனக்குச் சொல்லிக்கொடு என்றால், "படிக்கப் போற புள்ளைக்கு இந்தச் சேறு எதுக்குடி? போய் புஸ்தகத்த எடு" என்று விரட்டுவார். எங்கள் குடும்பத்தில் படிப்பு என்று வெளியே போன முதல் ஆள் நான். என் கையில் அழுக்குப் படக்கூடாது என்பது அவருடைய வைராக்கியம். ஒருநாள் "இது எங்க பாடத்துல வருது ஆயா" என்று பொய் சொல்லித்தான் உட்காரவைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய பொய்யாகவும் தெரியவில்லை!

காகிதம் என்பது செல்லுலோஸ் இழைகளின் கூட்டம். தண்ணீரில் ஊறும்போது இழைகள் பிரிகின்றன. தண்ணீர் வற்றும்போது நெருங்கிவந்து ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. வெந்தயத்தில் காலக்டோமன்னன் என்ற பிசின் உண்டு. ஊறிய வெந்தயம் கொழகொழவென்று இருப்பது அதனால்தான். அந்தப் பிசின் இழைகளுக்கு நடுவே பசையாகிறது. உள்ளே இருக்கும் மூங்கில் பிளாச்சுகளைக் கம்பி என்று வைத்துக்கொண்டால் முறம் ஒரு சின்ன ஸ்லாப்! தமிழ்நாட்டில் பழைய சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தார்கள் என்று படிக்கிறோமே, அடுப்படிச் சாமான் கட்டுமான வேலைக்கு வருவது நமக்குப் புதிதில்லை. ஒரே வித்தியாசம், கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு க்யூரிங் செய்கிறோம், இதற்கு நேர்மாறாகத் தண்ணீர் முழுதும் வெளியேற வேண்டும்.

ஆயாவிடம் அளவு கேட்டால் "கை சொல்லும்" என்பார். எனக்குக் கை சொல்லாததால் தராசில் நிறுத்தி ரெக்கார்டு நோட்டில் எழுதினேன். அரை கிலோ தினசரிப் பேப்பருக்கு 50 கிராம் வெந்தயம் எனக்குச் சரியாக வந்தது. பேப்பரைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழித்த ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும், சீக்கிரம் கரையும். இரவு முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். வெந்தயத்தைத் தனியாக ஊறவையுங்கள். காலையில் பேப்பரைப் பிழிந்து, இரண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் சப்பாத்தி மாவு பதத்துக்கு ஆட்டுங்கள். மிக்சி என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அரையுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் சூடாகும். (அம்மாவிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.) வழவழப்பான நோட்டீசும் பத்திரிகை அட்டையும் வேண்டாம். அவற்றின்மேல் உள்ள பூச்சால் கூழ் திரிதிரியாக நிற்கும்.

அச்சுக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, மேலே கூழை அரை விரல் கனத்துக்கு அப்புங்கள். எல்லா இடத்திலும் ஒரே கனம் முக்கியம். முதல் நாள் நிழலில் காயட்டும். எடுத்தவுடன் வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் முதலில் சுருங்கி வெடிப்பு விடும், பூச்சு வேலையில் பார்க்கிற அதே வெடிப்புதான். மறுநாள் அச்சிலிருந்து கழற்றி நல்ல வெயிலில் வையுங்கள். நான் முதல் கிண்ணத்தை ஐப்பசி மழையில் செய்தேன். நான்காம் நாள் கறுப்பாகப் பூஞ்சை பூத்து, ஆயா தூர நின்றே மோப்பம் பிடித்து "தூக்கிப் போடு" என்றுவிட்டார். பங்குனி, சித்திரையில் செய்யுங்கள்.

காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, ஒரு கை வெள்ளைப் பெயிண்ட், அதன்மேல் காவி, நீலம், உங்கள் இஷ்டம். தட்டையாகச் செய்து கோலம் வரைந்தால் சுவரில் மாட்டலாம். பேனா ஸ்டாண்டு, சாவித் தட்டு, கண்ணாடிக்குச் சட்டம் எல்லாம் வரும். எனக்கு ஒரு கிண்ணத்துக்கு வெந்தயச் செலவுதான் செலவு. கடைசியில் வார்னிஷ் ஒரு கை அடித்தால் ஈரம் ஏறாது. பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடும் பழக்கம் நோட்டு பைண்டிங் செய்பவர்களிடம் உண்டு. அது விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். இன்னொன்று, அச்சு மையில் கேடான ரசாயனங்கள் இருப்பதால் செய்தித்தாளில் தின்பண்டம் மடிக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே எச்சரித்திருக்கிறது. ஆகவே இந்தக் கிண்ணத்தில் முறுக்கு வைக்காதீர்கள். தானியம் படும் முறத்துக்கு அச்சடிக்காத தாள்தான். இதை ஆயாவிடம் சொன்னபோது வெற்றிலைக் கிண்ணத்தை மட்டும் மாற்ற மறுத்துவிட்டார்!

இதை வெறும் கிராமத்து வேலை என்று எண்ண வேண்டாம். புதுச்சேரி யூனியன் பிரதேசம் திருக்கனூரின் காகிதக் கூழ்ப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. காஷ்மீரில் இந்தக் கலை பல நூறு ஆண்டுகளாக நடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் போர் விமானங்கள் வெகுதூரம் பறக்க, கடினக் காகிதத்தைப் பசையில் தோய்த்து அடுக்கி 108 காலன் பிடிக்கும் பெட்ரோல் டேங்குகளை இங்கிலாந்தில் செய்தார்கள். சில மணி நேரம் தாங்கினால் போதும், காலியானதும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். அலுமினியத்தை மிச்சப்படுத்தப் பேப்பர்!

பங்குனியில் செய்த என் மூன்றாவது கிண்ணத்தை ஆயாவிடம் நீட்டினேன். காதருகே வைத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். நாம் செங்கல்லைத் தட்டிப் பார்ப்போமே, அதேபோல. "அடி கனமா போயிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் காயணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "மேல வீட்டு மொறம் ரெண்டு வந்து கெடக்கு. ஞாயித்துக்கிழமை காலேஜ் இல்லையே?" என்றார்.