பாஸ் புத்தகத்தைப் படிப்போம்

மே மாதம் முடியப் போகிறது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். மழையும் தொடங்கும். பிள்ளைகளுக்குக் குடை, பை, நோட்டு வாங்க வேண்டும்.

மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். லயத்து வாசலில் ஒரு பெண் கவலையோடு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா வருகிறாள்.

"என்ன தங்கச்சி, முகம் வாடியிருக்கு?"

"வாரம் 50 ரூபாய் சீட்டுக் கட்டினேன் அக்கா. ஒரு வருஷம் கட்டினேன். இப்போ சீட்டுப் பிடித்த ஆளையே காணோம்."

"ரசீது இருக்கா?"

"இல்லை அக்கா. தெரிந்த மனிதர்தானே என்று நம்பிக் கொடுத்தேன்."

வருஷத்துக்கு 52 வாரம். 52 வாரமும் 50 ரூபாய் கட்டினால் 2,600 ரூபாய். அவ்வளவும் உழைத்த பணம்.

"பணம் கட்டிய மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் போலீசில் புகார் எழுதிக் கொடுப்போம்" என்றாள் அக்கா. பிறகு தன் பாஸ் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள்.

"நானும் வாரம் 50 ரூபாய்தான் போடுகிறேன். எங்கள் அயல்கூட்டத்தில் போடுகிறேன். பார், ஒவ்வொரு வாரமும் எழுதியிருக்கிறது."

"மலையாளத்தில் இருக்கே அக்கா?"

"எழுத்து மலையாளம். எண் எல்லாருக்கும் ஒன்றுதான். உனக்கு எண் படிக்கத் தெரியுமே!"

அயல்கூட்டம்

குடும்பஸ்ரீ கேரள அரசின் திட்டம். 1998 மே 17 அன்று பிரதமர் வாஜ்பாய் இதை மலப்புறத்தில் தொடங்கி வைத்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் 10 முதல் 20 பேர் சேர்ந்தால் ஓர் அயல்கூட்டம். வாரந்தோறும் கூடுவார்கள். முடிந்த தொகையைச் சேமிப்பார்கள். பணம் கூட்டத்தின் பெயரில் வங்கியில் இருக்கும். அவசரம் வந்தால் உறுப்பினர் அதிலிருந்து கடன் வாங்கலாம். ஒழுங்காக நடக்கும் கூட்டத்துக்கு வங்கியும் கடன் தரும். இடுக்கியிலும் பாலக்காட்டிலும் அயல்கூட்டங்கள் உண்டு.

வேறு இடங்கள்

தபால் நிலையத்தில் ஆர்.டி. கணக்குத் தொடங்கலாம். மாதம் 100 ரூபாய் கட்டினாலும் போதும். 5 ஆண்டில் 6,000 ரூபாய் சேரும். வட்டியும் கிடைக்கும்.

மத்திய அரசு 2014-இல் ஜன் தன் திட்டத்தைத் தொடங்கியது. இந்த வங்கிக் கணக்கில் குறைந்த இருப்பு வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சீட்டு எல்லாமே மோசமில்லை. கே.எஸ்.எஃப்.இ. கேரள அரசின் நிறுவனம். 1969 முதல் சிட்டி நடத்துகிறது. பணம் கட்டினால் கணக்கு உண்டு, ரசீது உண்டு.

மூன்றைப் பாருங்கள்

பணம் போட்டதும் பாஸ் புத்தகத்தைப் பாருங்கள்.

1. நாள் சரியா?
2. போட்ட தொகை சரியா?
3. இருப்பு கூடியிருக்கிறதா?

தவறு இருந்தால் அங்கேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். அது நம் பணம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் 50 ரூபாயோடு அயல்கூட்டத்துக்குப் போனாள். புதிய புத்தகத்தில் முதல் வரி எழுதினார்கள். அவள் விரல் வைத்துப் படித்தாள்: "போட்டது 50. இருப்பு 50."

பயிற்சி

ஜூன் 2: போட்டது 50, இருப்பு 500.
ஜூன் 9: போட்டது 50, இருப்பு 500.

இதில் தவறு எங்கே? சரியான இருப்பு எவ்வளவு? உங்கள் நோட்டில் எழுதுங்கள்.