நாணய ஆல்பத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கிழிந்துபோன ரூபாய்த் தாளை வங்கிக் கிளையில் கொடுத்து, விதிகளுக்கு உட்பட்டு மாற்றிக்கொள்ள இயலும். ஆனால், பச்சைக் களிம்பு ஏறிய 1957-ஆம் ஆண்டின் நயா பைசா ஒன்றை மாற்றித் தரும் சாளரம் எங்கும் கிடையாது. 25 காசும் அதற்குக் குறைந்த மதிப்புள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லுபடியாகும் தகுதியை இழந்துவிட்டன. இன்று அவற்றுக்கு மதிப்பு உண்டெனில், அது அவற்றின் அருமையிலும் முகம் கெடாத நிலையிலுமே அடங்கியிருக்கிறது. விக்டோரியா அரசியின் வெள்ளி ரூபாயைப் பொறுத்தவரை, உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலை ஒன்று. நல்ல நிலையில் உள்ள நாணயத்துக்குச் சேகரிப்பாளர் தரும் விலை வேறொன்று.

பெரியவர்கள் விட்டுச்சென்ற நாணயங்கள் பல இல்லங்களில் தகரப் பெட்டியிலோ துணி முடிப்பிலோ நெடுங்காலம் கிடக்கின்றன. ஒரு நாள் அவற்றுக்கு ஓர் ஆல்பம் வாங்கப்படுகிறது. அட்டையின் அழகும் விலையும் பார்க்கப்படுகின்றன. உள்ளே இருக்கும் தாள் எதனால் ஆனது என்று எவரும் கேட்பதில்லை. சில ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தால், பெட்டியில் கிடந்தபோது நலமாக இருந்த நாணயங்கள் ஆல்பத்தில் பச்சைப் பிசுக்குடன் காணப்படுகின்றன. காக்க வாங்கிய பொருளே கெடுதலுக்குக் காரணமாகிவிடுகிறது. ஆகவே, ஆல்பம் வாங்கும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி, நாணயத்தின் உலோகத்தைத் தொடப்போகும் பொருள் எது என்பதே.

தாளின் தன்மை

விலை குறைந்த ஆல்பங்களில் பெரும்பாலும் காணப்படுவது பாலிவினைல் குளோரைடு, அதாவது பி.வி.சி. தாள். இது இயல்பில் விறைப்பானது. மென்மையாக்குவதற்காக இதனுடன் எண்ணெய் போன்ற நெகிழ்விப்பான்கள் சேர்க்கப்படுகின்றன. காலம் செல்லச் செல்ல அவை தாளிலிருந்து கசிந்து நாணயத்தின் மேல் படிகின்றன. வெப்பத்தாலும் ஒளியாலும் பி.வி.சி. சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடும் வெளிப்படுகிறது. காற்றின் ஈரத்துடன் சேர்ந்தால் இது அமிலமாகும். இந்த அமிலம் செம்பைத் தாக்குவதால் உண்டாவதே பச்சைப் பிசுக்கு. செம்பு, வெண்கல நாணயங்கள் மட்டுமன்றி, செம்பு கலந்த வெள்ளி நாணயங்களும் செம்பு-நிக்கல் நாணயங்களும் இதற்கு இரையாகின்றன. தொடக்கத்தில் இது மேற்படிவாகவே இருக்கும். காலப்போக்கில் உலோகத்தை அரித்துக் குழிகளை உண்டாக்கிவிடும். குழி விழுந்த பின் அதைச் சீராக்க வழியில்லை.

பாலிபுரோப்பிலீன், பாலிஎத்திலீன், மைலார் என்ற வணிகப் பெயரால் அறியப்படும் பாலியெஸ்டர் ஆகியவற்றில் இத்தகைய தீங்கு இல்லை. விறைப்பான சிமிழ்களுக்கு அக்ரிலிக், பாலிஸ்டைரீன் ஆகியவை ஏற்றவை. வாங்கும்போது அட்டையில் இப்பெயர்களுள் ஒன்று அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பெயர் எதுவுமின்றி ‘உயர்தர பிளாஸ்டிக்’ என்று மட்டும் இருந்தால் ஐயம் கொள்வது நலம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஏற்கெனவே உள்ள ஆல்பத்தின் தாள் எது என்று அறிய எளிய வழி உண்டு. தாளின் ஓரத்திலிருந்து விரல்நகம் அளவுள்ள துண்டை வெட்டி, ஒரு குவளை நீரில் முழுவதும் அமிழ்த்தி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை நீக்கிவிட்டு விட வேண்டும். பாலிபுரோப்பிலீனும் பாலிஎத்திலீனும் நீரைவிட இலேசானவை. ஆகவே மேலெழுந்து மிதக்கும். பி.வி.சி. நீரைவிடக் கனமானது, அது மூழ்கும். பாலியெஸ்டரும் மூழ்குமாதலால் அடுத்த அடையாளத்தையும் காண வேண்டும். பாலியெஸ்டர் மெல்லியதாகவும் விறைப்பாகவும் இருக்கும், கசக்கினால் சலசலக்கும், மணம் இராது. நெகிழ்விப்பான் சேர்ந்த பி.வி.சி. துவளும், புதிய மழைக்கோட்டைப் போன்ற நெடி வீசும். மூழ்கி, துவண்டு, நெடியும் வீசினால் அத்தாளிலிருந்து நாணயங்களை அன்றே எடுத்துவிடுதல் வேண்டும்.

ஆல்பங்களின் வகைகள்

சந்தையில் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தடித்த அட்டையில் வட்டத் துளைகள் இட்டு, அவற்றில் நாணயத்தை அழுத்திப் பொருத்தும் வகை. ஆண்டு வரிசையாகச் சேகரிக்கத் தொடங்கும் சிறுவர்களுக்கு இது ஊக்கம் தரும். ஆனால் நாணயத்தின் ஒரு முகம் காற்றுக்குத் திறந்தே இருக்கும். அட்டையில் கந்தகம் இருந்தால் வெள்ளி கறுக்கும். புழக்கத்திலிருந்து எடுத்த எளிய நாணயங்களுக்கு மட்டுமே இது போதும்.

இரண்டாவது, துளையின் இருபுறமும் நழுவும் பிளாஸ்டிக் பட்டை கொண்ட வகை. இரு முகங்களும் தெரியும் என்பது இதன் சிறப்பு. ஆனால் பட்டையை இழுக்கும்போதெல்லாம் அது நாணயத்தின் மேடான பகுதிகளில் உரசும். அரசர் தலை பொறித்த நாணயத்தில் கன்னமும் கூந்தலும் முதலில் கோடு விழும். புழங்காத புது நாணயங்களுக்கு இது ஏற்றதன்று.

மூன்றாவது, வளையக் கோப்பில் மாட்டப்படும் பைத்தாள்கள். தாள்களைச் சேர்க்கவும் இடம் மாற்றவும் இயலும் என்பதால் வளரும் சேகரிப்புக்கு இதுவே பொருத்தமானது. நாணயத்தை நேரே பையில் இடுவதைவிட, பாலியெஸ்டர் சாளரம் பதித்த ஐந்து சென்டிமீட்டர் சதுர அட்டைச் சட்டத்தில் வைத்து, அச்சட்டத்தைப் பையில் செருகுவது சிறந்தது. ஆண்டு, ஆலைக்குறி, கிடைத்த நாள் ஆகியவற்றைச் சட்டத்திலேயே எழுதிக்கொள்ளலாம். எழுதிய பின்னரே நாணயத்தை உள்ளே வைக்க வேண்டும். சட்டத்தை மூடும் ஸ்டேப்ளர் ஊசியின் கால்களைக் குறட்டால் தட்டையாக்க மறக்கலாகாது. இல்லையேல் அவை அடுத்த பக்கத்து நாணயத்தைக் கீறும். ஊசியில் துரு தோன்றினால் சட்டத்தை மாற்றிவிட வேண்டும்.

நான்காவது, தனித்தனிச் சிமிழ்கள். அக்ரிலிக் சிமிழ் உராய்விலிருந்தும் விரல் ரேகையிலிருந்தும் நல்ல காப்பு அளிக்கும். செலவு மிகுதி என்பதால் சேகரிப்பின் சிறந்த நாணயங்களுக்கு மட்டும் இதை ஒதுக்கலாம்.

அளவு அறிந்து வாங்குதல்

இந்திய நாணயங்களைச் சேகரிப்போர் பலர் இடர்ப்படுவது இங்கேதான். ஒரு ரூபாய் நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். விக்டோரியா காலத்து வெள்ளி ரூபாயின் விட்டம் ஏறக்குறைய 31 மி.மீ. 1962-இல் வந்த நிக்கல் ரூபாய் 28 மி.மீ. 1983-இன் செம்பு-நிக்கல் ரூபாய் 26 மி.மீ. 1992-இல் வந்த துருப்பிடிக்காத எஃகு ரூபாய் 25 மி.மீ. 2011-இல் ரூபாய்க் குறியீட்டுடன் வந்தது 22 மி.மீ. 2019 வரிசையில் வந்தது 20 மி.மீ. ஒரே மதிப்புக்கு இத்தனை அளவுகள் இருக்கையில், ஒரே அளவுத் துளைகள் கொண்ட ஆல்பத்தில் ரூபாயின் வரலாற்றை அடுக்க இயலாது.

வடிவமும் கனமும் வேறுபடுகின்றன. 1964-இன் மூன்று காசு அறுகோணம். 1992-இன் இரண்டு ரூபாய்க்குப் பதினொரு மூலைகள். அதே ஆண்டின் ஐந்து ரூபாய் 23 மி.மீ. விட்டமே கொண்டதாயினும் 9 கிராம் எடையுள்ள தடித்த நாணயம். இறுக்கமான பைக்குள் திணித்தால் தையல் பிரியும். நூறு ரூபாய் நினைவு நாணயங்கள் பலவும், 2023-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பையொட்டி வெளியான எழுபத்தைந்து ரூபாய் நாணயமும் 44 மி.மீ. விட்டமும் 35 கிராம் எடையும் கொண்டவை. இவற்றுக்குத் தனித் தாளோ தனிச் சிமிழோ தேவை.

ஆகவே கடைக்குச் செல்லுமுன் நாணயங்களை அளந்து பட்டியல் இட்டுக்கொள்வது முறை. அளவி இல்லாதவர்கள் வரைபடத் தாளின் மேல் வைத்து விட்டத்தை எண்ணிக்கொள்ளலாம். பையில் நாணயம் தாராளமாக நுழைய வேண்டும். நுழைந்த பின் ஆடலாகாது.

எடையையும் கணக்கிட வேண்டும். வெள்ளி ரூபாய் ஒன்று 11.66 கிராம். இருபது பைகள் உள்ள தாளில் நிரப்பினால் ஒரு தாளே ஏறத்தாழ 233 கிராம்; பத்துத் தாள்கள் 2.3 கிலோவைத் தாண்டும். வளையங்கள் வலுவற்றிருந்தால் துளை கிழிந்து தாள் சரியும். கனமான நாணயங்களை இரண்டு மூன்று கோப்புகளில் பகிர்ந்து வைப்பதே பாதுகாப்பு.

எதற்கு முதலிடம்?

எல்லா நாணயத்துக்கும் ஒரே நாளில் சிறந்த காப்பு அளிக்க எவராலும் இயலாது. வெண்கலமும் செம்பும் எளிதில் களிம்பேறுவன. முதலில் இவற்றைக் கவனிக்க வேண்டும். அடுத்தது வெள்ளி. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் அது கறுக்கும். ரப்பர் பட்டை, கம்பளித் துணி, மலிவான காகித உறை ஆகியவை அதன் அருகில் இருக்கலாகாது. அலுமினியக் காசுகள் மென்மையானவை. ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியே வைத்தல் வேண்டும். துருப்பிடிக்காத எஃகு நாணயங்கள் சற்றுக் காத்திருக்கலாம்.

ஆல்பத்தில் இடுவதற்கு முன் நாணயத்தைத் துலக்கலாகாது. செம்புப் பாத்திரத்தைப் புளியிட்டும் வெள்ளிப் பாத்திரத்தைத் திருநீறிட்டும் துலக்கும் வழக்கம் நாணயத்துக்கு ஆகாது. அதில் போவது அழுக்கு மட்டுமன்று. நாணயத்தின் இயல்பான மேற்பரப்பும் போய்விடும், மதிப்பும் சரியும். பி.வி.சி. பிசுக்கு மட்டும் இதற்கு விலக்கு. கண்ணாடிக் கிண்ணத்தில் தூய அசிட்டோனை ஊற்றி, நாணயத்தைச் சற்று நேரம் அமிழ்த்தித் தேய்க்காமல் எடுத்து உலரவிடலாம். அசிட்டோன் எளிதில் தீப்பற்றுவது. சன்னலைத் திறந்து, நெருப்பு இல்லாத இடத்தில் செய்தல் வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் நறுமணமும் கலந்திருப்பதால் அது ஏற்றதன்று. அரிய நாணயமெனில் அனுபவமுள்ளவரிடம் காட்டிய பின்னரே கைவைக்க வேண்டும்.

வைக்கும் இடமும் வங்கிப் பெட்டகமும்

நல்ல ஆல்பமும் ஈரமான அலமாரியில் பயன் தராது. மும்பை, சென்னை போன்ற கடலோர நகரங்களில் உப்பும் ஈரமும் கலந்த காற்று உலோகத்துக்குப் பகை. சமையலறையையும் குளியலறையையும் ஒட்டிய சுவரையும், புதிதாக வார்னிஷ் பூசிய மர அலமாரியையும் தவிர்க்க வேண்டும். ஆல்பங்களைப் படுக்கையாக அடுக்காமல் புத்தகம்போல் நிறுத்தி வைத்தால், நாணயங்களின் மேல் அழுத்தம் விழாது. உடன் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்கலாம். நீல மணிகள் வெளிர்சிவப்பாக மாறினால் அவை ஈரத்தால் நிறைந்துவிட்டன என்று பொருள்.

மதிப்புமிக்க நாணயங்களை வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைப்போர், அங்கும் பி.வி.சி. உறையைத் தவிர்க்க வேண்டும். மூடிய பெட்டகத்தில் அதன் ஆவி வெளியேற வழியின்றித் தங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் திறந்து பார்த்தல் நன்று.

ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிபாடு, வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் பெட்டகப் பொருள்களுக்கு இழப்பு நேர்ந்தால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரையில் இருக்கும். உள்ளே என்ன வைக்கப்பட்டுள்ளது என்ற பட்டியல் வங்கியிடம் இராது. எனவே ஒவ்வொரு நாணயத்தின் இரு முகப் படங்களும், ஆண்டு, ஆலைக்குறி, அளவு, எடை, வாங்கிய விலை ஆகிய விவரங்களும் அடங்கிய பட்டியலைச் சேகரிப்பாளரே வேறிடத்தில் வைத்திருக்க வேண்டும். பெட்டகத்துக்கு நியமனதாரரைப் பதிவு செய்வதும் கடமை. பட்டியல் இல்லாத சேகரிப்பு அடுத்த தலைமுறையின் கையில் வெறும் பழைய காசாக எண்ணப்பட்டுவிடக்கூடும்.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

1. தாள் பாலிபுரோப்பிலீன், பாலிஎத்திலீன், பாலியெஸ்டர் ஆகியவற்றுள் எது?
2. ‘பி.வி.சி. அற்றது’ என்று அச்சிடப்பட்டுள்ளதா?
3. என் நாணயங்களுள் மிகப் பெரியதும் மிகத் தடித்ததும் பையில் நுழையுமா?
4. நாணயத்தைத் தொடாமலேயே இரு முகங்களையும் பார்க்க இயலுமா?
5. அடுத்த ஆண்டும் இதே அளவுத் தாளைத் தனியே வாங்கிச் சேர்க்க இயலுமா?

ஐந்துக்கும் நிறைவான விடை கிடைத்தால், அட்டையின் நிறத்தைத் தங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம்.