வெறுப்புப் பதிவு நம் கைக்கு வரும்போது



இம்முறை குடும்பப் பாடத்துக்கு நம் நாட்டில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் ஹோட்டலில் சாப்பிட வந்தவர்கள் கறியில் ஏதோ கட்டி கிடப்பதைக் கண்டார்கள். சிங்களவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் மாத்திரை அது என்று சத்தமிட்டார்கள். காசாளருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. கூட்டம் சூழ்ந்து நின்று கேட்டபோது பயத்தில் தலையாட்டினார். அதைப் படம்பிடித்து, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பேஸ்புக்கில் பரப்பினார்கள். ஹோட்டலும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன.

அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. அப்படியொரு மாத்திரையே இல்லை என்றார்கள் மருத்துவர்கள். அதற்குள் பொய் கண்டி வரை போய்விட்டது. அங்கே தெல்தெனியவில் சில முஸ்லிம் இளைஞர்கள் தாக்கியதில் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் உயிரிழந்தார். அது தாக்கியவர்களின் குற்றம். சட்டம் தண்டிக்க வேண்டிய குற்றம். ஆனால் பதிவுகள் அதை ஒரு முழுச் சமூகத்தின் குற்றமாக்கின. திகனயிலும் சுற்றிலும் வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் எரிந்தன. மார்ச் 6இல் அவசரகாலச் சட்டம் வந்தது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப் முடக்கப்பட்டன. தன் தளம் இதற்குப் பயன்பட்டதற்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020இல்தான் வருத்தம் தெரிவித்தது.

ஆய்வுகள் சொல்வது

இலங்கையில் பேஸ்புக்கில் பரவும் வெறுப்புப் பேச்சு பற்றி மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலேயே ஆய்வு வெளியிட்டது. ஆக, ஆபத்து முன்பே தெரிந்த ஒன்றுதான்.

ஒரு பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்று அறிய, அமெரிக்க ஆய்வாளர் சூசன் பெனேஷ் ஐந்து விடயங்களைப் பார்க்கச் சொல்கிறார்: பேசுபவர் யார், கேட்பவர் யார், சொல்வது என்ன, அந்த இடத்தின் பின்னணி என்ன, எதன் வழியாகப் பரவுகிறது. 'அவர்கள் நம்மை அழிக்கப் போகிறார்கள்' என்ற செய்தியே மிக ஆபத்தானது. அதை நம்பியவனுக்கு, தான் அடிப்பது தற்காப்பாகத் தெரியும். மாத்திரைக் கதை அந்த வகை.

எப்படிப் பதில் சொல்வது? சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டரில் வெறுப்பு எழுதியவர்களுக்கு மூன்று விதமாகப் பதில் அனுப்பிப் பார்த்தார்கள். கேலியும் எச்சரிக்கையும் பெரிதாக உதவவில்லை. 'இதைப் படிக்கும் அந்த மக்களின் மனம் எப்படி வலிக்கும்' என்று உணர்த்திய பதில் மட்டும், சிறிய அளவிலேனும், வெறுப்பைக் குறைத்தது.

நம் வீட்டில் செய்யக்கூடியவை

1. உடனே அனுப்பாதீர்கள். கிடைத்த செய்தியை விசாரித்துத் தெளியும்படி சூரா அல்-ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது.

2. கண்டிப்பதற்காகக்கூட அந்தப் பதிவைப் பகிராதீர்கள், அதுவும் பரப்புதலே.

3. திகதியும் கணக்கின் பெயரும் தெரியும்படி திரைப்படம் எடுத்து வைத்துவிட்டு, தளத்திடம் முறையிடுங்கள். முறையிட்டபின் பதிவு மறைந்தால் சான்றும் போய்விடும்.

4. பதில் எழுதினால் ஒருமுறை, நிதானமாக, முடிந்தால் சிங்களத்தில் எழுதுங்கள். எழுதியவர் மாறாமல் போகலாம். மௌனமாகப் படித்துக்கொண்டிருக்கும் நூறு பேருக்காகவே அந்தப் பதில்.

5. இடமும் நேரமும் குறித்த மிரட்டல் என்றால் பதில் எழுதி நேரம் போக்காமல், பொலிஸுக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள்.

6. நம் குடும்பக் குழுவில் பிற சமூகத்தாரை இழிவுபடுத்தும் செய்தி வந்தால், அனுப்பியவர் மாமாவானாலும் சாச்சாவானாலும், மரியாதையோடு தடுத்துச் சொல்லுங்கள். நமக்கு எதிரான பொய் மட்டும்தான் பொய் என்றால் நம் பேச்சை யார் மதிப்பார்கள்?

2018 மார்ச்சில் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் அந்த வன்முறையைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். தம் சமூகத்தின் பெயரால் நடந்ததைத் தாமே கண்டித்ததால்தான் அந்தக் குரலுக்கு எடை இருந்தது. நம் பக்கமும் அப்படிக் குரல்கள் வேண்டும்.

பிள்ளைகளுடன் பேச: அந்தக் காசாளரின் காணொளி இன்று உங்கள் கைபேசிக்கு வந்தால், நம்புவதற்கு முன் எந்த மூன்று கேள்விகளைக் கேட்பீர்கள்?