மெலிந்த தேகமும் சிறுகச் சேமிப்பும்

சங்க அங்கத்தினர்களுக்கு வரவு செலவுக் கணக்கைப் பற்றி எழுதுவது எனக்குப் பழக்கமான காரியம். இம்முறை பணக் கணக்கை விட்டுத் தேகக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம், சென்ற தை மாதத்தில் தணிக்கைக்காக நான் போயிருந்த ஒரு கிராமத்தில் கண்ட சம்பவமாகும்.

அந்தச் சங்கத்தின் அங்கத்தினர் ஒருவர், முப்பது வயதுக்கு உட்பட்டவர், பயிர்க் கடனாக வாங்கிய தொகையில் நாலாயிரம் ரூபாயை, உடம்பு தேறும் என்று சந்தையில் விற்ற ஒரு பொடிக்குச் செலவிட்டுவிட்டார். தவணை தவறியதற்குக் காரணம் கேட்டபோது, "ஐயா, ஒல்லிக்குச்சி என்று ஊரார் சிரிக்கிறார்கள். பெண் கேட்டுப் போன இடத்திலும் உடம்பைப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாமென்றார்கள்" என்று தலைகுனிந்து சொன்னார். கிடங்கில் உர மூட்டை நிறுக்கும் தராசில் அவரை நிற்கச் சொன்னேன். 46 கிலோ இருந்தார். உயரம் 165 சென்டிமீட்டர். அவருடைய விருப்பத்தில் வெட்கப்பட ஏதுமில்லை. அவர் சென்ற வழிதான் தவறு. சரியான வழி இன்னதென்று விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. குறைவு என்பது எது?

கண்ணுக்கு ஒல்லியாகத் தோன்றுவதெல்லாம் குறைவு ஆகாது. அதற்கு ஒரு கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்க வேண்டும். வந்த தொகையால் கிலோ எடையை வகுக்க வேண்டும். ஈவு 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்பது வைத்தியர்கள் கொள்ளும் அளவு. மேற்படி நண்பருக்கு 1.65-ஐ 1.65-ஆல் பெருக்க 2.72 வருகிறது. 46-ஐ அதனால் வகுத்தால் 16.9. அவர் 18.5-ஐ எட்ட வேண்டுமாயின் 50 கிலோவுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். இக்கணக்கு வயது வந்தவர்களுக்கே உரியது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேறு அளவுகள் உண்டு. அவற்றைக் கிராமச் செவிலியரிடம் கேட்டறிய வேண்டும்.

சிலர் குடும்ப வாகாலேயே மெலிந்தவர்கள். தகப்பனாரும் பாட்டனாரும் அப்படியே இருந்திருப்பார்கள். பல வருஷங்களாக எடை மாறாமலும், பசி, உறக்கம், உழைப்பு ஆகியவற்றில் குறைவில்லாமலும் இருந்து, கணக்கும் 18.5-ஐ ஒட்டியே நிற்குமானால் அவர்கள் கவலைப்படத் தேவையில்லை. யானையும் மானும் ஒரே காட்டில்தான் வாழ்கின்றன.

2. முதலில் தணிக்கை

ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றிப் பயனில்லை. ஆகவே எடையைக் கூட்ட முயலுமுன் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். முன்பு இருந்த எடை தானாகக் குறைந்துவருதல், இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வேர்த்தல், அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும், நெஞ்சுப் படபடப்பும் கை நடுக்கமும், ஓயாத வயிற்றுப்போக்கு: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்வதே முதல் வேலை. க்ஷயம், நீரிழிவு, தைராய்டுச் சுரப்பியின் மிகுதி ஆகியவை இவ்விதமாகவே மெலியச் செய்யும். வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களைப் பற்றும் கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்துச் சோகையை உண்டாக்கும். அதற்கு மருந்து ஒரே ஒரு மாத்திரைதான்.

இதைச் சொந்த அனுபவத்தால் வற்புறுத்துகிறேன். என் தமையனாரைப் பிறவி ஒல்லி என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிவந்தோம். அவர் இன்னும் மெலிந்தபோதும் அதையே சொன்னோம். இருமலைப் பீடியின்மேல் போட்டோம். ஒரு வருஷம் கழித்து எச்சில் பரிசோதனையில் க்ஷயம் என்று தெரிந்தது. ஆறு மாத மருந்தில் நோய் தீர்ந்தது. ஆனால் நெஞ்சின் ஒரு பக்கம் பழுதுபட்டுப் போயிற்று. இன்று அவரால் ஏர் பிடிக்க முடியாது. அந்த ஒரு வருஷத்தைப் பிறவி என்ற ஒரு சொல் விழுங்கிவிட்டது.

மெலிவுக்கும் க்ஷயத்துக்கும் உள்ள தொடர்பு இருபுறமும் ஓடுவது. நோய் மெலியச் செய்கிறது. போஷணைக் குறைவோ நோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது. ஜார்க்கண்டில் நடத்தப்பட்டு 2023-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், க்ஷய நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் தானியமும் பருப்பும் முதலிய பொருள்கள் கொடுக்கப்பட்டன. அவ்வாறு பெறாத குடும்பங்களைவிட அவர்களிடையே புதிதாக நோய் கண்டவர்கள் சுமார் 39 சதவீதம் குறைவாயிருந்தார்கள். ஆகவே எடையைக் கூட்டுவது அழகுக்காக மட்டுமன்று.

3. வரவு எங்கிருந்து?

தணிக்கையில் கசிவில்லை என்று தெரிந்தபின் வரவைப் பார்க்கலாம். தேகம் செலவழிக்கும் சக்தியைவிட ஆகாரத்தால் வரும் சக்தி மிகுந்தால் எடை கூடும். அதைக் கலோரி என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். நாளொன்றுக்கு முன்னிலும் 300 முதல் 500 கலோரி வரை கூடுதலாக உண்டால் போதும். மாதம் ஒரு கிலோ ஏறினாலும் அது நல்ல ஏற்றமே.

இதற்குச் சோற்றை மலையாகக் குவித்து உண்ண வேண்டுமென்பதில்லை. குன்னூர் ஆராய்ச்சிச்சாலையில் 1920-களில் ராபர்ட் மக்காரிஸன் என்ற வைத்தியர், நாட்டின் பல பகுதி மக்களுடைய ஆகாரங்களை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய பஞ்சாப் சீக்கியரின் ஆகாரத்தை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பங்காயுள்ள சென்னை மாகாணத்து ஆகாரத்தை உண்டவை எல்லாவற்றினும் மெலிந்து நின்றன. இதிலிருந்து நாம் கற்பது, வயிறு நிறைவது வேறு, தேகம் நிறைவது வேறு என்பதே. அந்த ஆராய்ச்சிச்சாலை பிற்காலத்தில் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் நடந்துவருகிறது.

வழக்கமான சாப்பாட்டை விடாமல் அதன்மேல் சேர்க்க வேண்டிய தினசரி வரவை இனிக் காண்க. அளவுகள் உத்தேசமானவை.

நிலக்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம்: 170 கலோரி.
பசும்பால் ஒரு டம்ளர், 200 மில்லி: 130 கலோரி.
நல்லெண்ணெய் இரண்டு சிறு கரண்டி, 10 கிராம்: 90 கலோரி.
வாழைப்பழம் ஒன்று: 90 கலோரி.
ஆகமொத்தம்: 480 கலோரி.

கடலையை அவித்தோ வறுத்தோ உண்ணலாம். பூஞ்சணம் பிடித்ததை மட்டும் தள்ளிவிட வேண்டும், அது ஈரலைக் கெடுக்கும். எண்ணெயைப் பருப்புப் பொடிச் சோற்றில் பிசைந்துகொள்ளலாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தயிரோ எள்ளுருண்டையோ கொள்ளலாம். முட்டை உண்பவர்களுக்கு அது ஒன்றில் 6 கிராம் புரதம் கிடைக்கும். மற்றவர்கள் பயறு, கொண்டைக்கடலை, துவரை ஆகியவற்றின் அளவைக் கூட்ட வேண்டும். கேழ்வரகின் 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருப்பதால், ஒரு வேளை கூழோ களியோ எலும்புக்கு நல்லது.

பால் சங்கத்தின் நன்மையை நாடும் உத்தியோகஸ்தனாகிய நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கறந்த பால் முழுவதையும் சங்கத்துக்கு ஊற்றிவிட்டு, வீட்டிலுள்ளவர்கள் கறுப்புக் காப்பி குடிப்பது லாபமாகாது. வீட்டுப் பங்கை எடுத்துவைத்த பிறகு மிகுதியை ஊற்றுங்கள். சங்கம் அதனால் நலிந்துவிடாது.

4. உண்ணும் முறை

அநேகர் விடியற்காலையில் காப்பியோடு வயலுக்குப் போய், பதினொரு மணிக்கே முதல் கவளத்தைத் தொடுகிறார்கள். மெலிந்தவர்களுக்கு இது ஆகாது. புறப்படுமுன் கஞ்சியாவது குடித்து, இடையில் கடலையும் பழமும் உண்டு, நாளை ஐந்து சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். உண்பதற்குச் சற்று முன் நிறையத் தண்ணீர் குடித்தால் பசி மங்கும். பீடியும் சிகரெட்டும் அவ்வாறே பசியைக் கெடுக்கும். காப்பி, தேநீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். சுமை தூக்கல், தண்டால் போன்ற உழைப்பு வாரத்தில் இரண்டு மூன்று நாள் இருந்தால், ஏறும் எடை வயிற்றில் கொழுப்பாகத் தங்காமல் தோளிலும் தொடையிலும் தசையாகச் சேரும். இரவில் ஏழெட்டு மணி உறக்கமும் வேண்டும்.

எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்ணும் பெண்களை மறக்கலாகாது. மெலிவும் சோகையும் அவர்களிடையே மிகுதி. குடும்பத்தார் ஒன்றாக உட்கார்ந்து உண்பது செலவில்லாத சிகிச்சை.

5. குறுக்கு வழி

விரைவில் பருமனாக்கும் என்று விற்கப்படும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து மறைவாகக் கலக்கப்படுவதுண்டு. அதனால் முகம் உப்பும், உடலில் நீர் தங்கும், தராசும் ஏறும். நாளடைவில் இரத்தத்தில் சர்க்கரை மிகும், எலும்பு பலவீனப்படும். மீட்டர் வட்டிக் கடனைப் போன்றது அது. கையில் பணம் இருப்பதாகத் தோன்றும், ஆனால் சொத்து கரைந்துகொண்டிருக்கும். அதை வெகுநாள் தின்றவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. வைத்தியரிடம் பொடியைக் காட்டி அவர் சொற்படி நடக்க வேண்டும்.

நமது நண்பர் அவ்வாறே பொடியைக் கொண்டுபோய்க் காட்டினார். பரிசோதனையில் வேறு நோய் ஒன்றும் இல்லை. பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். அதன்பின் மேற்சொன்ன வரவைத் தவறாமல் செலுத்திவந்தார். மாதம் ஒரு தடவை, அதே தராசில், அதே காலை வேளையில் நிறுத்து, தம் கடன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்தார். ஆடி மாதம் நான் திரும்பிச் சென்றபோது அப்பக்கத்தில் கடைசியாக எழுதியிருந்தது 50 கிலோ. தவணை ஒன்றையும் கட்டியிருந்தார்.

1904-ல் திரூரில் கடன் சங்கம் தோன்றிய காலந்தொட்டுக் கூட்டுறவு நமக்குப் போதித்துவருவது ஒன்றே. சிறு தொகையாயினும் தவறாமல் செலுத்தினால் அது பெருகும். தேகமும் அந்த விதிக்கு உட்பட்டதே.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

(1) நம் அங்கத்தினர்களில் 18.5-க்குக் கீழ்ப்பட்டவர்கள் எத்தனை பேர்?
(2) அவர்களில் வைத்தியப் பரிசோதனை செய்துகொள்ளாதவர்கள் யார்? எந்த நாளில் சேர்ந்து போகலாம்?
(3) நம் கிராமத்தில் விளையும் எந்தப் பொருளை விற்றுத் தீர்க்காமல் வீட்டுக்கு நிறுத்திக்கொள்ளலாம்?
(4) கிடங்குத் தராசை மாதம் ஒரு நாள் மனிதர்களுக்காக ஒதுக்கலாமா?