மீயொலி வைத்திய ஆராய்ச்சியும் மானிய விண்ணப்பமும்

மனிதர் செவிக்குப் புலனாகும் ஒலி, விநாடி ஒன்றுக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகளோடு முடிந்துவிடுகின்றது. அதற்கு மேற்பட்ட அதிர்வுகளையுடைய ஒலியை மீயொலி என்பர். கருப்பையிலுள்ள குழவியின் உருவத்தைத் திரையிற் காட்டுதற்கு இது பயன்படுதலை யாவரும் அறிவர். உருவங் காட்டும் அவ்வொலியையே, ஞாயிற்றின் கதிர்களைப் பூதக்கண்ணாடி குவிக்குமாறு போல, உடலினுள் ஒரு புள்ளியிற் குவித்தால் அவ்விடத்துத் திசு சூடேறி அழியும். அலைகள் கடந்து செல்லும் வழியிலுள்ள திசுக்களோ பெரும்பாலும் ஊறின்றி நிற்கும். கத்தியின்றி நிகழும் இச்சிகிச்சையின் வியப்பை எழுதுவார் பலர் உளர். நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது பிறிதொன்று. இவ்வாராய்ச்சிக்கு வேண்டும் பொருள் எவ்வாறு கிடைக்கின்றது, அதனைப் பெறுதற்கு எழுதும் விண்ணப்பம் எத்தகையதாதல் வேண்டும் என்பதே அது. விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் ஆய்வுக்கூடத்தைப் பற்றி நிரம்பக் கற்கின்றனர். அக்கூடத்தின் கதவைத் திறக்கும் சாவியைப் பற்றிக் கற்பார் மிகச் சிலரே.

பண்டு இக்கவலை சிலருக்கு இல்லாதிருந்தது. அமெரிக்காவில் ஆல்பிரட் லூமிஸ் என்னும் பெருஞ்செல்வர், நியூயார்க் மாகாணத்து டக்ஸீடோ பார்க்கில் தம் செலவிலேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, இராபர்ட் உட் என்னும் பௌதிகப் பேராசிரியரோடு கூடி, மீயொலி உயிர்ப்பொருள்களில் விளைக்கும் மாறுதல்களை ஆராய்ந்து 1927-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பொருள் கொடுப்பவரும் ஆராய்பவரும் ஒருவரேயாதலின், விண்ணப்பம் எழுதும் தொல்லை அவருக்கு இல்லை.

மூளை நோய்களில் மீயொலியைப் பயன்படுத்த முயன்றபோது இடையூறு தோன்றியது. கபாலத்தின் எலும்பு அலைகளைச் சிதறடித்தது. 1950-களில் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த பிரை சகோதரரும், அயோவாவில் மையர்ஸ் என்னும் வைத்தியரும் செய்த சிகிச்சைகளில், எலும்பின் ஒரு பகுதியை அகற்றிய பின்னரே ஒலியைச் செலுத்த வேண்டியிருந்தது. கத்தியைத் தவிர்க்க வந்த முறைக்குக் கத்தியே முன்செல்ல வேண்டியதாயிற்று! பிற்காலத்தில், தலையைச் சூழ்ந்த கவிகையொன்றில் 1,024 ஒலிப்பிறப்பிகளை அமைத்து, எலும்பின் வடிவைக் கணினியால் ஆராய்ந்து, ஒவ்வொன்றும் அலையை விடுக்கும் நேரத்தைத் தனித்தனியே திருத்தும் முறை உருவாயிற்று. உள்ளே ஏறும் உஷ்ணத்தை அளத்தற்குக் காந்த உருவக் கருவியும் வேண்டும். இவையெல்லாம் தனியொருவர் பணப்பைக்கு அடங்குவன அல்ல.

ஆகவே ஆராய்ச்சியாளர் பிறரிடம் விண்ணப்பிக்கின்றனர். அமெரிக்காவில் பெருந்தொகை வழங்குவன அரசாங்கத்தைச் சார்ந்த தேசிய சுகாதார நிலையங்கள். இவை நெடுங்காலமாக வழங்கிவரும் இருவகை மானியங்களை அறிந்தால் போதும். முதிர்ந்த ஆராய்ச்சிக்குரிய பெருமானியத்திற்கு ஆராய்ச்சித் திட்டத்தை 12 பக்கங்களில் எழுதுதல் வேண்டும். புதுக்கருத்தை முயன்று பார்த்தற்குரிய சிறுமானியத்திற்கு 6 பக்கங்கள். இதன் நேர்ச்செலவு ஈராண்டுக்கு 2,75,000 டாலருக்கு மேற்படலாகாது. இவற்றினும் முன்னிற்பது நோக்கங்களை உரைக்கும் ஒற்றைப் பக்கம். விண்ணப்பத்தின் உயிர்நிலை அப்பக்கமே என்பது நம் கருத்து.

நிற்க. இங்கே ஒரு சிக்கல் உண்டு. பொருள் வழங்குவோர், “இது பலிக்கும் என்பதற்கு முற்சான்று யாது?” என வினவுகின்றனர், சான்று தேடுதற்கே பொருள் வேண்டும். சிறுமானியத்திற்கு முற்சான்று கட்டாயமன்று என விதி கூறினும், போட்டியில் சான்றுடையாரே முந்துதல் உலகியல்பு. வர்ஜீனியா மாகாணத்துச் சார்லட்ஸ்வில் நகரில், நீல் காசெல் என்னும் மூளை வைத்தியர் 2006-ஆம் ஆண்டில் குவிமீயொலி நிதிநிலையம் ஒன்றை நிறுவினார். கொடையாளரிடம் பெற்ற பொருளைக் கொண்டு இத்துறை ஆராய்ச்சிகளுக்கு உதவுவது அதன் பணி. இச்சிக்கலை அவிழ்க்க அது எவ்வாறு உதவிற்று என்பதற்கு ஓர் உதாரணம் காண்போம்.

‘எசென்ஷியல் டிரெமர்’ என வைத்தியர் வழங்கும் கைந்நடுக்க நோயுடையார் எழுதவும் நீர் அருந்தவும் இயலாது வருந்துவர். மருந்துக்கு அடங்காத இந்நோயுடைய 15 பேருக்கு வர்ஜீனியா சர்வகலாசாலையில் குவிமீயொலிச் சிகிச்சை செய்யப்பட்டது. பொருள் உதவியது மேற்கூறிய நிதிநிலையம். 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, கையின் நடுக்க மதிப்பெண் 20.4-இலிருந்து ஓராண்டில் 5.2-ஆகக் குறைந்தது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும் சிகிச்சை பெற்றோம் என்னும் நம்பிக்கையாலும் நடுக்கம் சிறிது தணியக்கூடுமன்றோ? ஒப்புநோக்குதற்கு வேறு குழுவின்மையால், இவ்வையத்தை அச்சோதனை நீக்கவில்லை. அது அடுத்த சோதனைக்கு முற்சான்றாயிற்று.

விண்ணப்பத்தின் ஒற்றைப் பக்கத்தில் வினாவை எழுதும் முறையை இங்கே கற்கலாம். “மீயொலியால் நடுக்கம் தீருமா?” என்பது மேடைப் பேச்சுக்கு ஏற்ற வினா. “மருந்துக்கு அடங்காதவருக்குத் தாலமஸ் என்னும் மூளைப்பகுதியில் குறித்ததோர் இடத்தைச் சுட்டால், பாசாங்குச் சிகிச்சை பெற்றவரைக் காட்டிலும் மூன்று திங்களில் கைந்நடுக்க மதிப்பெண் குறையுமா?” என்பதே விடையிறுத்தற்குரிய வினா. ‘இல்லை’ என்னும் விடைக்கும் இடங்கொடாத வினாவுக்குப் பொருள் கேட்டல் தகாது.

எட்டு மருத்துவ நிலையங்களில் 76 பேரைக் கொண்டு நடந்த அச்சோதனையின் முடிவு 2016-இல் வெளிவந்தது. அவருள் 56 பேர் மெய்ச் சிகிச்சை பெற்றனர். எஞ்சிய 20 பேருக்குத் தலை மழிக்கப்பட்டு, சட்டம் பொருத்தப்பட்டு, எல்லாம் முறைப்படி நடந்தன. ஒலி மட்டும் செலுத்தப்படவில்லை. ஒன்றும் செய்யாமைக்குப் பொருள் செலவிடுவதா என உலகத்தார் நகைக்கக்கூடும். அவ்விருபதின்மர் இன்றேல் மற்றை ஐம்பத்தறுவர் பெற்ற பயனை எவரும் உறுதியாகக் கூறவியலாது. மூன்று திங்களுக்குப் பின் மெய்ச் சிகிச்சை பெறும் வாய்ப்பும் அவர்க்கு அளிக்கப்பட்டது. மெய்ச் சிகிச்சையினர் மதிப்பெண் நூற்றுக்கு 47 பங்கு குறைய, மற்றையோர் மதிப்பெண் ஏறக்குறைய நின்றவாறே நின்றது. நடை தடுமாறுதல் நூற்றுக்கு 36 பேருக்கும், மரமரப்பு 38 பேருக்கும் நேர்ந்தன. ஓராண்டின் பின்னும் அவை முறையே 9 பேருக்கும் 14 பேருக்கும் நீடித்தன. இத்தீங்குகளை எவ்வாறு கண்டு குறிப்போம் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுதல் வேண்டும்.

மீயொலிக்கே உரிய சில குறிப்புகளும் உள. ஒலியின் அதிர்வெண், அழுத்தம், செலுத்தும் காலம், அவற்றை எக்கருவியால் அளப்போம் என்பன தெளிவாக எழுதப்பெறல் வேண்டும். மருந்தின் எடை கூறாத மருந்துச்சீட்டு யாருக்குப் பயன்படும்? கபாலத்தின் அடர்த்தி ஆளுக்காள் வேறுபடுதலின், சிலர் மூளையில் போதிய உஷ்ணம் ஏறாது. அத்தகையோரை முன்னரே ஒதுக்கும் விதியும், அதனால் கூடுதலாகத் தேட வேண்டிய நோயாளர் தொகையும் கணக்கில் வருதல் வேண்டும். காந்த உருவக் கருவிக்குரிய மணிக்கட்டணத்தைக் குறைத்தெழுதிப் பின்னர்த் திண்டாடுதல் விண்ணப்பகாரர் பலர்க்கும் இயல்பு.

தேசிய சுகாதார நிலையங்களில் விண்ணப்பங்களைத் துறையறிஞர் குழு ஆராய்ந்து 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுகின்றது. நம் பரீட்சைகளுக்கு மாறாக, அங்கே 1 மிகச் சிறந்தது. தள்ளப்பட்ட விண்ணப்பத்தைத் திருத்தி மீண்டும் அனுப்பலாம். அப்பொழுது குழுவினர் கண்ட குறைகளுக்கு ஒரு பக்கத்தில் விடையெழுதுதல் வேண்டும். குறை கூறியவரை இகழ்ந்து அப்பக்கத்தை நிரப்புவோர் இரண்டாம் முறையும் ஏமாற்றமடைதல் வியப்பன்று.

மேற்கூறிய சோதனையில் ஒரு பக்கத்துக் கைக்கு மட்டுமே சிகிச்சை நடந்தது. 2016-இல் அமெரிக்க அரசாங்கம் அளித்த அனுமதியும் அவ்வளவே. மூளையின் இருபுறமும் சுட்டால் பேச்சும் நடையும் கெடுமோ என வைத்தியர் அஞ்சினர். எனவே, மற்றைக் கை யாதாகும் என்பது அடுத்த ஆராய்ச்சிக்குரிய வினாவாயிற்று. முதற் சிகிச்சைக்குப் பின் ஒன்பது திங்களேனும் கழித்து இரண்டாம் பக்கத்துக்கும் செய்யலாம் என்னும் அனுமதி 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் கிடைத்தது.